மைக் கேபிள் விலை கூடினால் ரெக்கோர்டிங் சுத்தமாகுமா?

லயத்துத்தப்பு (ஹட்டன்):
காமன் கூத்துப் (மலையகத் தோட்டங்களில் ஆடும் கூத்து) பாட்டுகளைத் தப்பு மேளத்தோடு சேர்த்து லயன் காம்பிராவிலேயே (தோட்டத்து வரிசை வீட்டு அறை) பதிவு செய்ய வேண்டும். இருப்பது டைனமிக் மைக் ஒன்று, இரண்டு உள்ளீடுள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கை லெப்டொப்போடு இணைக்கும் பெட்டி), லெப்டொப். கேபிள் 6 மீட்டர். மைக் பக்கம் மூன்று முள் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் கரோக்கே பெட்டிக்குப் போடும் பெரிய மோனோ ஜாக்.

தப்பு நன்றாகப் பதிவாகிறது. குரல்தான் பிரச்சினை. கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவு) முழுக்கத் திருகினாலும் மெலிசாகத்தான் கேட்கிறது, அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். லெப்டொப் சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் பாதியாகிறது. தங்க முலாம் போட்ட, ஒட்சிசன் நீக்கிய செம்புக் கேபிள் வாங்கினால் குரல் தெளியும் என்கிறார்கள். வாங்கலாமா?

ஈயக்கோல் (பண்டாரவளை):
தம்பி, அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம். உங்களுக்குத் தேவை இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள சாதாரணக் கேபிள்.

இன்டர்ஃபேஸின் முன்துளை இரண்டு வகை பிளக்கையும் ஏற்கும். ஆனால் அநேகமான கருவிகளில் எக்ஸ்எல்ஆர் செருகினால்தான் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சிறிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) வேலை செய்யும். ஜாக் செருகினால் லைன் அல்லது கிட்டார் வழிக்கு மாறிவிடும், அங்கே கெயின் குறைவு. டைனமிக் மைக் பாட்டுக் குரலுக்குத் தருவது சில மில்லிவோல்ட்தான். தப்பின் அடி பலமானது, அதனால் குறை தெரியவில்லை.

இரைச்சலிலும் இந்தக் கேபிளுக்குப் பங்கு உண்டு. எக்ஸ்எல்ஆரில் 1ஆம் முள் ஷீல்ட் (வயர்களைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல்), 2உம் 3உம் சிக்னல். கரண்ட் வயரிலிருந்து ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டு சிக்னல் வயரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஏறும். ப்ரீஆம்ப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அது அடிபட்டுப் போகும். மோனோ ஜாக் கேபிளில் 3ஆம் முள்ளை ஷீல்டோடு சேர்த்துவிடுகிறார்கள், அதோடு அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. எவ்வளவு தங்கம் பூசினாலும் அது திரும்பி வராது.

தொனியைப் பற்றிக் கவலை வேண்டாம். மைக்கின் மின்தடை 150 முதல் 300 ஓம். கேபிளின் கொள்ளளவை (அது மின்னேற்றம் தேக்கும் அளவு) மீட்டருக்கு 100 பிகோஃபரட் என்று வைத்து 10 மீட்டர் இழுத்தாலும், ஒலி 3 டெசிபல் குறைவது 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான். காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ்.

காசு போட வேண்டிய இடம் நெருக்கமான பின்னல் ஷீல்டும், வயரை இறுக்கிப் பிடிக்கும் பிளக்கும். நீங்களே செய்வதானால் 5 மீட்டர் மைக் வயர், ஆண் பெண் பிளக் ஒவ்வொன்று, 0.8 மில்லிமீட்டர் ஈயம், 40 வாட் சால்டர் கோல் போதும். முதலில் பிளக்கின் பின்மூடியை வயரில் கோர்த்துவிடுங்கள். அநேகர் மறப்பது இதைத்தான், பிறகு சால்டரை எல்லாம் கழற்ற வேண்டி வரும். ஷீல்டை முறுக்கி ஸ்லீவ் போடுங்கள். வயருக்கும் முள்ளுக்கும் தனித்தனியாக ஈயம் பூசிவிட்டு, இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று வினாடி மட்டும் சூடு காட்டுங்கள். அதற்கு மேல் போனால் உள்ளுறை உருகி ஷோர்ட் ஆகும்.

ஆறுகம்பி (பதுளை):
மைக்குக்கு ஈயக்கோல் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ‘கேபிள் எதையும் மாற்றாது’ என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பற்றரி இல்லாத பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் சுருள்) உள்ள எலெக்ட்ரிக் கிட்டாரில் மாற்றம் காதுக்கே கேட்கும். 2.5 ஹென்றி தூண்டல் உள்ள பிக்கப், அதன் சொந்தக் கொள்ளளவு 100 பிகோஃபரட் என்று வையுங்கள். மீட்டருக்கு அதே 100 பிகோஃபரட் உள்ள 3 மீட்டர் கேபிளில் அதன் உச்சம் (ஒலி மிகப் பலமாக வரும் இடம்) ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். 6 மீட்டரில் 3.8க்கு இறங்கிவிடும், ஒலி மங்கும். அங்கேயும் விலையைப் பார்க்காமல் நீளத்தையும், மீட்டருக்கு எத்தனை பிகோஃபரட் என்பதையும் பாருங்கள்.

யூஎஸ்பி கேபிள் தொனியை மாற்றாது. பழுதானால் பதிவு ‘டக் டக்’ என்று வெட்டுப்படும், அல்லது இன்டர்ஃபேஸே காணாமல் போகும்.

மூடுபனி (நுவரெலியா):
சார்ஜர் விஷயத்தை லேசாக விட்டுவிடாதீர்கள். பல லயன் காம்பிராக்களில் எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மூன்று துளை இருக்கும், உள்ளே ஓடுவது இரண்டு வயர்தான். எர்த் இல்லாத இடத்தில் மூன்று முள் சார்ஜரைப் போட்டால், அதன் ஃபில்டர் கெப்பசிட்டர்கள் வழியே லெப்டொப்பின் உலோகப் பகுதி 230இல் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதுதான், ஆனால் இரைச்சல் வரும், மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்றும் இருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரிபாருங்கள். அதுவரை பற்றரியில் பதிவு செய்யுங்கள். இரைச்சல் குறைகிறது என்று எர்த் முள்ளை வெட்டுவது உயிராபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இன்னொன்று நம் மலை ஈரம். பிளக் முள் கறுத்தால் தொடுகை விட்டு விட்டு வரும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலைத் துணியில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். உப்புத்தாள் போட்டால் முலாமே போய்விடும்.

லயத்துத்தப்பு:
நன்றி அண்ணே. இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர் போட்டதும் குரல் நிறைந்து வருகிறது, பற்றரியில் இரைச்சலும் இல்லை. தப்புக்கு இன்னொரு மைக்கும் இன்னொரு கேபிளும் சேர்த்தேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சேர்த்துக் கேட்டால் அடியின் கனம் காணாமல் போகிறது.

ஈயக்கோல்:
ஒரு கேபிளில் 2உம் 3உம் மாறிச் சால்டர் ஆகியிருக்கலாம். மென்பொருளில் ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை (சிக்னலின் கூட்டல் கழித்தல் திசை) திருப்பிப் பாருங்கள். கனம் திரும்பினால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து 1–1, 2–2, 3–3 தொடுகிறதா, 1–2, 1–3, 2–3 ஷோர்ட் இல்லையா என்று இரண்டு கேபிளையும் பாருங்கள். வயரை ஆட்டியபடியே பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பிழை கேபிளில் இல்லை. மைக்குகள் தப்பிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருக்கும், அல்லது ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்கும். பின்னால் நிற்கும் மைக்கின் ட்ராக்கைத் திருப்பியே வைத்துக்கொள்ளுங்கள்.