பலகைமேல் நகர்வது காயா, நாயா, வட்டா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பலகை விளையாட்டுகள் பற்றிய ஒரு கண்காட்சிக்கு விளக்க அட்டைகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். சதுரங்கம், தாயம், ஆடுபுலி, பல்லாங்குழி, மலாய்க்காரர்கள் ஆடும் பல்லாங்குழி இனமான சொங்கக் என எல்லாவற்றிலும் பலகைமேல் வைத்து ஆடும் பொருளுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். 'காய்' என்று எழுதினேன். சரிபார்த்தவர் "இது பேச்சுச்சொல், கலைச்சொல் தருக" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பொதுப்பெயர் நிலைபெறாததால் வரும் குழப்பத்துக்குக் கீழடியே சான்று. அங்கே கிடைத்த சுடுமண் ஆட்டப்பொருள்களைச் சில செய்திகளில் 'சதுரங்கக் காய்கள்' என்றே எழுதினார்கள். சதுரங்கத்துக்கான சான்றுகளோ கி.பி. 6-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் தொடங்குகின்றன. உதவுங்கள்.

மடல் 2

ஐயா, புதிதாக ஆக்கவே வேண்டாம். தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. 'வல்' என்ற சூதாட்டப் பெயருக்குப் புணர்ச்சி சொல்லும் இடத்தில் "நாயும் பலகையும் வரூஉம் காலை" என்று நூற்பா வருகிறது. வல்லநாய், வல்லப்பலகை. இங்கே நாய் என்பது விலங்கு அன்று, பலகைமேல் வைக்கும் கருவி.

புறநானூறு 52-ஐயும் எடுத்துப் பாருங்கள். பாழடைந்த பொதியில், அதாவது ஊர்ப் பொதுமன்றம். நரைத்த முதியவர்கள் நாளெல்லாம் உட்கார்ந்து நாய் வைத்து ஆடி ஆடித் தரை குழிந்துபோயிருக்கிறது. "நரைமூ தாளர் நாயிடக் குழிந்த வல்லின் நல்லகம்." ஆட்கள் போய்விட்டார்கள், அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஓர் ஊரின் அழிவையே ஆட்டக் களத்தின் தேய்மானத்தில் காட்டிய புலவர் கையாண்ட சொல் இது. எகிப்தில் 'தாப்' ஆட்டத்திலும் இந்தப் பொருளை 'கெல்ப்' என்பார்கள். அரபியில் நாய் என்றுதான் பொருள். பண்டைக் கிரேக்கரும் அப்படியே அழைத்தார்கள். இத்தனை பழமையும் பரப்பும் உள்ள சொல்லை விட்டுவிடலாமா?

மடல் 3

அம்மா, சான்று அருமை. ஆனால் அட்டையைப் படிக்கப்போவது பத்து வயதுப் பிள்ளை. "யானை என்னும் நாய் மூலைவிட்டமாகச் செல்லாது" என்று எழுதினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

தூய்மை வேறு, பழமை வேறு. 'காய்' மட்டும் தமிழ் இல்லையா? தாயம் ஆடியவர்களுக்கு அதன் ஆழம் தெரியும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். வெட்டுப்படாமல் சுற்றி வந்து உள்ளே போய்ச் சேர்ந்தால் அது 'பழம்'. காய் பழுத்துவிட்டது! கன்னடத்தில் தாயம் போன்ற சௌக்காபாரா ஆடுகிறவர்களும் காயி, ஹண்ணு என்கிறார்கள். இந்தியில் பச்சைக் கோட்டி, பழுத்த கோட்டி என்ற பேச்சு உண்டு. இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஆட்டத்தோடு சேர்ந்து பயணம் செய்த உருவகம் இது. இதைப் பேச்சுச்சொல் என்று தள்ளியவர் தாயம் ஆடியதில்லை என்றே நினைக்கிறேன்.

மடல் 4

நண்பர் சொன்னதற்கு இன்னும் ஒரு படி. மலாயில் சதுரங்கக் காய் 'புவா சாத்தூர்'. புவா என்றால் பழம், சாத்தூர் நம் சதுரங்கமே. வணிகர்களோடு 'காய்' என்ற கருத்தும் கடல் கடந்திருக்கவேண்டும். பல்லாங்குழி இனத்துக்கு அரபியில் மன்கலா என்று பெயர். அதன் வேர் 'நகல', நகர்த்து என்று பொருள். நம் 'நகர்' தானே இது?

மடல் 5

மன்னிக்கவேண்டும், இதை அப்படியே விடமுடியாது. 'நகல' அரபியில் மூன்று மெய்யெழுத்துகளால் ஆன வேர். அதிலிருந்து அந்த மொழிக்குள்ளேயே ஒரு குடும்பமே கிளைத்திருக்கிறது. ஓசை ஒத்துப்போவது உறவாகாது. உண்மையான உறவு எதிர்த்திசையில் இருக்கிறது: நாம் அன்றாடம் சொல்லும் 'நகல்' அந்த வேரிலிருந்து வந்ததுதான். ஓர் ஏட்டிலிருந்து இன்னோர் ஏட்டுக்கு மாற்றுவது நகல், ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு மாற்றுவது மன்கலா. கொடுத்தது போலவே வாங்கியும் இருக்கிறோம், அதில் குறைவொன்றும் இல்லை.

புவாவைப் பொறுத்தவரை, மலாயில் அது வீடு, கார், புத்தகம் எனப் பல பொருள்களை எண்ணும் சொல்லாகவும் வரும். காயிலிருந்து போனது என்று சொல்ல இது போதாது.

வட்டு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லையே? "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்கிறது குறள் 401. பலகைக்கு அரங்கு, பொருளுக்கு வட்டு. இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன.

மடல் 6

வட்டுக்குப் பரிமேலழகர் உண்டை உருட்டல் என்றுதான் உரை சொல்கிறார். நகர்த்தும் பொருளுக்கு அது பொருந்தாது.

எனக்குக் கவலை வேறு. பல்லாங்குழியில் என் காய், உன் காய் என்று கிடையாது. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவோம். என் பக்கத்தில் போட்டது அடுத்த சுற்றில் அவள் கையில் இருக்கும். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். அதுவரை எல்லாம் பொது. சதுரங்க யானையும் புளியங்கொட்டையும் ஒரே பெயரில் வந்தால் பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடே தெரியாமல் போகும். ஆட்டத்தின் உயிரே அங்கேதான். பல்லாங்குழிக்கு 'முத்து' என்று இருக்கட்டும்.

மடல் 7

அனைவருக்கும் நன்றி. பொதுப்பெயராக 'ஆட்டக்காய்' என்றும், ஆட்டத்தின் பெயரோடு வரும்போது 'காய்' என்றும், பல்லாங்குழி, சொங்கக் அட்டைகளில் மட்டும் 'முத்து' என்றும் அனுப்பிவிட்டேன். 'ஆடுகாய்' என்று சுருக்கலாமா என்று பார்த்தேன், ஆடுபுலி அட்டையில் அது ஆட்டைக் குறிக்கும் என்பதால் விட்டுவிட்டேன். ஏழு பேரில் நால்வர் இதற்கு உடன்பட்டார்கள்.

மடல் 8

உடன்படாதவர்களில் நானும் ஒருத்தி. ஆட்டக்காய் இருக்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் கீழடி அட்டையிலாவது 'இதைச் சங்க காலத்தில் நாய் என்றார்கள்' என்று ஒரு வரி சேருங்கள். அந்தச் சுடுமண் துண்டை வைத்து ஆடியவர்களின் வாயில் இருந்திருக்கக்கூடிய சொல் அது. அச்சுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது அல்லவா?