மறு: கேட்ச்லைட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> 'கண்ணொளி' என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

ஐயா, எளிய சொல்தான். ஆனால் கண்ணொளி என்றால் பார்வை என்றே மக்கள் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் வருவதும் அந்தப் பொருளில்தான். நாம் பெயர் தேடுவது கேட்ச்லைட்டுக்கு, அதாவது புகைப்படத்தில் கருவிழியில் பளிச்சென்று புள்ளியாகத் தெரியும் விளக்கின் எதிரொளிக்கு.

சென்ற வாரம் கோவையில் உருவப்பட ஒளியமைப்புப் பயிலரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். பயிற்றுநர் சாஃப்ட்பாக்ஸை (விளக்கொளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) மெல்ல மெல்ல மேலே ஏற்றினார். ஓர் உயரத்தைத் தாண்டியதும் புருவத்தின் நிழல் கண்குழியில் இறங்கி, அந்தப் புள்ளி காணாமல் போயிற்று. முகத்தில் களையே இல்லை. உடனே ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். கீழிமையை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. கண்ணுக்கு உயிர் வந்துவிட்டது!

பிறகு சில படங்களில் கண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். புள்ளி சதுரமாக இருந்தால் சாஃப்ட்பாக்ஸ், வளையமாக இருந்தால் ரிங்லைட் என்னும் வளைய விளக்கு, குறுக்கே கம்பி தெரிந்தால் ஜன்னல். படத்தில் பத்து மணித் திசையில் இருந்தால், விளக்கு கேமராவுக்கு இடப்பக்கம் மேலே நின்றிருக்கிறது. புள்ளி சிறுத்திருந்தால் விளக்கு சிறியது, அல்லது தள்ளி இருந்தது. மூக்கின் நிழலும் அப்போது கத்தரித்தாற்போல் விழுந்திருக்கும். ஒளியமைப்பு முழுவதையும் அந்தப் புள்ளியிலேயே படித்துவிடலாம்.

அதனால் நாம் ஆக்கும் சொல் அடைமொழிகளை இயல்பாக ஏற்க வேண்டும். என் பரிந்துரை: விழிச்சுடர். வளைய விழிச்சுடர், இரட்டை விழிச்சுடர், 'விழிச்சுடர் கிடைக்கவில்லை, விளக்கை இறக்கு' என்றெல்லாம் தடையில்லாமல் சொல்ல வருகிறது. 'கண்பொறி' என்றால் ஐம்பொறிகளில் ஒன்றான கண்ணையே குறிக்கும். 'விழித்துளி' கண்ணீராகிவிடும்.

சுடர் தானே எரிவதாயிற்றே, இது எதிரொளிதானே என்று கேட்கலாம். கலித்தொகை 51ஆம் பாட்டு 'சுடர்த்தொடீஇ கேளாய்' (சுடரும் வளையல் அணிந்தவளே, கேள்) என்று தொடங்குகிறது. வளையல் எரியவில்லை, வெளிச்சம் பட்டு மின்னுகிறது. அந்த வழக்கே நமக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்தது ஃபெதரிங்: விளக்கின் நடு ஒளியை முகத்திலிருந்து விலக்கி, ஓர ஒளியை மட்டும் முகத்தில் படவிடுவது. 'ஓரவொளி' என்றால், பின்னாலிருந்து விழுந்து உருவத்தின் விளிம்பை ஒளிரவைக்கும் ரிம்லைட்டோடு குழம்பும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்