பீட்டர் கிரீன் காலத்து ஃப்ளீட்வுட் மேக்: உங்களுக்கு எந்தத் தொகுப்பில் அறிமுகம்?

பழைய ஊசி:

கிட்டார்காரர் பீட்டர் கிரீன் இருந்த காலத்து பிரிட்டிஷ் ப்ளூஸ் குழு ஃப்ளீட்வுட் மேக்கை ஆல்பம் ஆல்பமாகக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு தொகுப்புத் தட்டுதான் வாசல். இதில் ரசிகனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 60களின் பிரிட்டனில், சிங்கிளாக வந்த பாட்டை மறுபடி ஆல்பத்தில் போடும் வழக்கம் பெரிதாக இல்லை. ‘பிளாக் மேஜிக் வுமன்’, ‘நீட் யுவர் லவ் ஸோ பேட்’, ‘ஆல்பட்ராஸ்’, ‘மேன் ஆஃப் தி வேர்ல்ட்’, ‘ஓ வெல்’, ‘தி கிரீன் மனலீஷி’. இந்த ஆறும் அந்தக் காலத்தில் அங்கே வந்த ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் கிடையாது. இவற்றை எடுத்துவிட்டால் பீட்டர் கிரீனில் எவ்வளவு மிஞ்சும்? அதனால் இந்தக் குழுவுக்குத் தொகுப்புதான் மூலநூல் என்பேன்.

என் கைக்கு வந்தது ‘தி பயஸ் பேர்ட் ஆஃப் குட் ஓமன்’. வேலைக்காக லீட்ஸுக்குக் குடிவந்த புதிதில் ஒரு சாரிட்டி ஷாப்பில் கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே செருகிக் கிடந்தது. அட்டையில் கன்னியாஸ்திரி உடையில் ஒரு கர்ப்பிணி, கையில் ஒரு ஆல்பட்ராஸ் பறவை. உள்ளே என்ன இசை இருக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. கல்லாவில் இருந்த பாட்டி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பையில் போட்டுக் கொடுத்தார்.

1969 ஆகஸ்டில் புளூ ஹொரைசன் வெளியிட்டது, 12 பாட்டு. வயலின்கள் பின்னால் இழைய ‘நீட் யுவர் லவ் ஸோ பேட்’ முதலில் வரும். சிங்கிளாக வந்தபோது பிரிட்டனில் 31ஆம் இடத்தோடு நின்றுபோன பாட்டு. இன்றைக்குக் கேட்டால் நம்பவே முடியாது. 1967 நவம்பரில் வந்த முதல் சிங்கிளும் இதில் இருக்கிறது. அது குழுவின் இன்னொரு கிட்டார்காரர் ஜெரெமி ஸ்பென்சர், அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸை அப்படியே உரித்து வைத்த பாட்டு. சரியாக ஒரு வருஷம் கழித்து வந்த ‘ஆல்பட்ராஸ்’ஸும் அதே தட்டில். குரலே கிடையாது. மிக் ஃப்ளீட்வுட் குச்சியை வைத்துவிட்டு, கம்பளி உருண்டை வைத்த மேலட்டால் டிரம்ஸைத் தட்டுகிறார். அது 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம். ஒரே வருஷத்தில் இந்தப் பையன்கள் எங்கிருந்து எங்கே போய்விட்டார்கள் என்பதை இந்தத் தட்டில் கேட்டபோதுதான் உணர்ந்தேன்.

ஒரு வேடிக்கை. 12இல் இரண்டு இவர்களுடைய பாட்டே இல்லை. எடி பாய்ட் என்ற மிசிசிப்பி பியானோக்காரர் பாட, இவர்கள் பக்கவாத்தியம் வாசித்தவை. குழுவின் தொகுப்பில் அடுத்தவர் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டும் வேண்டும். யாரிடம் கற்றார்களோ அவருக்குப் பின்னால் அடக்கமாக நின்று வாசிப்பதை அங்கேதான் கேட்க முடிகிறது. எடி பாய்ட் அப்புறம் பின்லாந்தில் குடியேறி அங்கேயே காலமானார். அது தனிக்கதை.

உங்களுக்கு எந்தத் தொகுப்பு, எப்படிக் கிடைத்தது? சொல்லுங்கள்.

தேம்ஸ் தெற்கு:

ஊசி அண்ணா, உங்கள் தட்டில் பாதிக் கதைதான் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் என் கதைக்கு வருவேன்.

புளூ ஹொரைசன் மைக் வெர்னான் நடத்திய சின்ன நிறுவனம். ‘ஆல்பட்ராஸ்’ முதலிடம் போன சூட்டிலேயே குழு அவர் கையை விட்டுப் போய்விட்டது. 1969 ஏப்ரலில் ‘மேன் ஆஃப் தி வேர்ல்ட்’ இம்மீடியட்டில் வந்தது. அடுத்த வருஷமே அந்த நிறுவனம் மூழ்கியது. அதற்குள் குழு ரிப்ரீஸுக்குப் போய் ‘ஓ வெல்’, ‘கிரீன் மனலீஷி’ இரண்டையும் அங்கே கொடுத்துவிட்டது. மூன்று வீட்டில் சிதறிக் கிடந்த சொத்து. உங்கள் கன்னியாஸ்திரித் தட்டில் இவை மூன்றும் இல்லாததற்கு அதுதான் காரணம்.

எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது 1971இல் சிபிஎஸ் போட்ட ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. எனக்கு அது கேசட்டாகக் கிடைத்தது. நான் சேர்ந்த பணிமனையில் ஓய்வுபெறப்போகும் ஒரு வெள்ளைக்காரர் தன் வேனைச் சுத்தம் செய்தபோது, “இந்தா, உன் வண்டியில்தான் இன்னும் கேசட் ஓடுகிறதே” என்று தூக்கிப் போட்டார். அன்று மாலை மழையில், தெற்குச் சுற்றுச் சாலை நெரிசலில் போட்டேன். முதல் பாட்டே ‘தி கிரீன் மனலீஷி’.

யோசித்துப் பாருங்கள். பீட்டர் கிரீன் இந்தக் குழுவோடு விட்டுப்போன கடைசி சிங்கிள் அது, 1970 மே. பணம் மனிதனைப் பிடித்து ஆட்டுவதாக அவர் கண்ட ஒரு கனவிலிருந்து பிறந்தது. சம்பாதித்ததையெல்லாம் தானம் செய்துவிட வேண்டும் என்று அவர் குழுவிடம் வாதாடிக்கொண்டிருந்த நேரம். முடிவில் வரும் அந்த ஓலத்தைக் குரல் என்பதா கிட்டார் என்பதா தெரியவில்லை. தொகுத்தவர் யாரோ, முடிவை எடுத்து முதலில் வைத்துவிட்டார். அதைக் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் ‘மேன் ஆஃப் தி வேர்ல்ட்’ வரும்போது, அந்த ஆள் எவ்வளவு முன்னாலேயே உடையத் தொடங்கிவிட்டார் என்று புரிகிறது. பாட்டுகளை வந்த வரிசையில் அடுக்கியிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது. வரிசை மாற்றுவது பாவம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை.

அதே தட்டில் ‘டிராகன்ஃபிளை’யும் இருக்கிறது. கிரீன் போன பிறகு டேனி கெர்வன் மெட்டமைத்தது, டபிள்யூ.எச். டேவிஸின் கவிதைக்கு. 18 வயதில் குழுவில் சேர்ந்த அந்தப் பையனைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஆறாவது கம்பி:

நான் கிட்டார் வாசிப்பவன், அதனால் சுருக்கமாக. ஊசி அண்ணன் சொன்ன அதே ‘நீட் யுவர் லவ் ஸோ பேட்’ஐ என் கிட்டாரில் எடுக்கப் பார்த்தேன். சுரங்கள் வந்துவிட்டன, அந்த மூக்கொலி மட்டும் வரவில்லை. கிரீனுடைய 1959 லெஸ் பால் கிட்டாரில் கழுத்துப் பக்கத்து பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்னலையாக்கும் பகுதி) காந்தம் தலைகீழ். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் அலையை இன்னொன்று பாதி வெட்டிவிடும். அடிக்குரல் மெலிந்து உள்ளே குடைந்ததுபோல் ஒரு ஒலி எழும். கிரீன் அந்த கிட்டாரை இன்னொரு கிட்டார்காரர் கேரி மூருக்கு அற்ப விலைக்கு விற்றார். இப்போது மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது.

கிட்டார் கதை சரி. ஆனால் காந்தத்தைத் திருப்பி வைத்த எல்லோரும் பீட்டர் கிரீன் ஆகிவிடவில்லை. இரண்டு சொற்றொடருக்கு நடுவே அவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று கவனியுங்கள். தனக்குக் குளிர்வியர்வை வரவைத்த ஒரே ஆள் என்று பி.பி. கிங் சொன்னது சும்மா இல்லை.

மெல்லிசை ரசிகை:

எனக்கு நடந்தது காமெடி. தேம்ஸ் அண்ணன் சொல்லும் அதே ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ஸை என் கணவர் பிறந்தநாளுக்காக ஆர்டர் போட்டேன். வந்ததும் 1988இல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’தான். பெயர் ஒன்று, குழு ஒன்று, ஆனால் பீட்டர் கிரீன் ஒரு பாட்டில்கூட இல்லை! அநேகமாக எல்லாம் பிற்காலத்தில் சேர்ந்த ஸ்டீவி நிக்ஸ், லிண்ட்சி பக்கிங்ஹாம் காலம். கடைக்காரரிடம் கேட்டால், “ஃப்ளீட்வுட் மேக் கேட்டீர்கள், கொடுத்தேன்” என்கிறார். அவரை என்ன சொல்ல? இரண்டு குழுவிலும் மாறாமல் இருப்பவர்கள் டிரம்ஸ் வாசிக்கும் மிக் ஃப்ளீட்வுட்டும் பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வீயும் மட்டும்தான். அவர்கள் பெயரைத்தானே கிரீன் குழுவுக்கே வைத்தார்.

எனக்கு அந்த 1988 தட்டும் பிடித்துப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வாங்குபவர்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெட்டிக்காரன்:

எல்லோரும் ஒற்றைத் தட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது 1999இல் வந்த ஆறு சிடி பெட்டி, ‘தி கம்ப்ளீட் புளூ ஹொரைசன் செஷன்ஸ்’. பக்கத்து ஊர் நூலகம் சிடிகளைக் கழித்துக் கட்டியபோது வாங்கினேன். ஒவ்வொரு சிடியிலும் நூலக முத்திரை.

இதில் பாட்டு மட்டும் இல்லை. தொடங்கி நின்றுபோனவை, பாதியில் யாரோ சிரித்துவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எத்தனையாவது டேக் என்று அறிவிக்கும் குரல், எல்லாமே அப்படியே இருக்கிறது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், முதல் தடவை கேட்டபோது அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நான்காவது தடவை அதே பாட்டு நின்று நின்று வந்தபோது ரிமோட்டைத் தேடினேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழுத் தொகுப்பு என்றால் முழுவதும் வரும். ஜெரெமி ஸ்பென்சர் நல்ல ஸ்லைடு (கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிக்கும்) கிட்டார் கலைஞர்தான், ஆனால் எல்மோர் ஜேம்ஸின் அந்த ஒரே தொடக்கத்தை எத்தனை பாட்டில் வைப்பார்? ‘மிஸ்டர் வொண்டர்ஃபுல்’ ஆல்பத்தில் மட்டும் நான்கு பாட்டு அப்படித் தொடங்கும். ஒற்றைத் தட்டுத் தொகுப்பைப் போட்டவர்கள் இவற்றை ஒதுக்கியது நமக்குச் செய்த உபகாரம் என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

சிகாகோ சிடிகளில் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. 1969 ஜனவரி 4ஆம் தேதி, செஸ் ஸ்டுடியோ. வில்லி டிக்ஸன், ஓட்டிஸ் ஸ்பான், பிக் வால்டர் ஹார்ட்டன், பட்டி கை, ஹனிபாய் எட்வர்ட்ஸ் என்று அமெரிக்க ப்ளூஸ் ஜாம்பவான்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள். லண்டன் பையன்கள் பயந்துபோய் வாசிப்பது முதலில் தெளிவாகக் கேட்கிறது. அப்போது ஸ்பென்சர் தன் எல்மோர் ஜேம்ஸ் பாட்டை எடுக்கிறார். சாக்ஸபோனில் யார்? எல்மோர் ஜேம்ஸின் குழுவிலேயே வாசித்த ஜே.டி. பிரவுன்! நகல் என்று நாம் கிண்டல் செய்கிற ஆளுக்கு அசலின் பக்கவாத்தியக்காரரே கூட வாசிக்கிறார், மனம் ஒன்றித்தான் வாசிக்கிறார். அதற்கு அப்புறம் ஸ்பென்சரைத் தாண்டிப் போக என் விரல் தயங்குகிறது.

பழைய ஊசி:

பெட்டிக்காரரே, அந்த ஜே.டி. பிரவுன் சங்கதி அருமை. ஆனால் புதிதாக வருகிற ஒருவரிடம் ஆறு சிடியை நீட்டினால் ஓடிவிடுவார்.

இரவு வண்டி:

எல்லோரும் தட்டைச் சொல்கிறீர்கள், நான் மேடையைச் சொல்கிறேன். 2020 பிப்ரவரி 25, லண்டன் பலேடியம். மிக் ஃப்ளீட்வுட் தன் பழைய நண்பனுக்காக ஏற்பாடு செய்த கச்சேரி. டிக்கெட் விலையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பாட்டு வரிசையைப் பார்த்தால் உங்கள் தொகுப்புகள் எல்லாம் கலந்த ஒரு நேரடித் தொகுப்பு. டேவிட் கில்மோர் ‘ஆல்பட்ராஸ்’ வாசித்தார். கர்க் ஹாமெட் அதே லெஸ் பாலைத் தூக்கிக்கொண்டு வந்து ‘கிரீன் மனலீஷி’ வாசித்தார். 70களில் குழுவை விட்டுப் போன ஜெரெமி ஸ்பென்சரும் மேடை ஏறினார். பீட்டர் கிரீன் வரவில்லை. அதே வருஷம் ஜூலையில் அவர் காலமானார்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு வயதானவர், 60களில் இவர்களை பப்களில் பார்த்தவராம். ஹாமெட் வாசித்தபோது, “அந்த கிட்டாரை அடையாளம் தெரிகிறது, ஆனால் பீட்டர் இவ்வளவு சத்தமாக வாசிக்க மாட்டான்” என்று காதோரமாகச் சொன்னார். கில்மோர் வாசித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கச்சேரி இப்போது ஆல்பமாகவும் கிடைக்கிறது. தொகுப்பு வரிசையில் இதையும் வைக்கலாமா என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஆறாவது கம்பி:

வைக்கலாம், கடைசியில். அசலைக் கேட்காமல் அஞ்சலியைக் கேட்டு என்ன பயன்?

மெல்லிசை ரசிகை:

என் கணவருக்கு இன்னும் பரிசு பாக்கி இருக்கிறது. சண்டை போடாமல் ஒன்றைச் சொல்லுங்கள்: கன்னியாஸ்திரியா, 1971 ஆ, பெட்டியா?

தேம்ஸ் தெற்கு:

1971, தங்கச்சி. இரவில், லைட்டை அணைக்காமல் கேட்கச் சொல்லுங்கள். முதல் பாட்டு கொஞ்சம் மிரட்டும்.

பழைய ஊசி:

கன்னியாஸ்திரிதான். தேம்ஸ் சொல்வதைக் கேட்காதீர்கள்.