ஒரே பாத்ரூம், உள்ளே குடித்தனம், தரையை உடைக்க வேண்டும்

மடிப்பாக்கத்தில் எங்கள் மாடி வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, வீடு 2006இல் கட்டியது. நாலு மாதமாக அவர்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே எங்கள் சமையலறை சீலிங்கில் ஓதம். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்கிறது, ஒருநாள் குழம்புச் சட்டியிலேயே விழுந்தது. பிளம்பர் குழாய்களைச் சோதித்தார், கசிவு இல்லை. டைல்ஸ் இடுக்கில் எபாக்சி பசை அடைத்தோம், இரண்டு வாரம்தான் தாங்கியது. தரையை உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் போட்டு, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்து, அப்புறம்தான் டைல்ஸ், மொத்தம் பத்து நாள் என்கிறார் மேஸ்திரி. அங்கே இருப்பதோ ஒரே பாத்ரூம். பத்தாம் வகுப்புப் பையன், முட்டி வலிக்கார பாட்டி வேறு. காலி செய்யச் சொல்ல மனசில்லை (நல்ல மனிதர்கள், வாடகை தவறியதே இல்லை). ஆள் குடியிருக்கும்போதே இந்த வேலையை முடித்தவர்கள், அந்தப் பத்து நாளுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?