கோட் எழுதுறவங்களுக்கும் லைசென்ஸ் வேணுமா?

பின்னிரவு_ஆன்கால்:
ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம். அடிக்க வருவீங்கன்னு தெரிஞ்சேதான் போடுறேன்.

பாலம் இடிஞ்சா டிராயிங்ல கையெழுத்து போட்ட இன்ஜினியர் யாருன்னு அன்னைக்கே தேடுவாங்க. ஆபரேஷன் தப்பாப் போனா டாக்டர் பேர் ஃபைல்ல இருக்கும். நம்ம தொழில்ல மட்டும் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது"ன்னு ஒரு வரி போதும், கேட்டவர் பேசாம திரும்பிப் போகணும். அந்த சிஸ்டத்தை ஒருத்தர் எழுதினார், இன்னொருத்தர் ரிவ்யூல ஓகே தட்டினார், மூணாவது ஆள் ரிலீஸ் பண்ணினார். பிரச்சினைன்னு வந்ததும் மூணு பேரும் மாயமாயிடுறோம்.

பிரிட்டன் தபால் துறையோட ஹொரைஸன் விவகாரம் தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: 1999ல இருந்து கிளைகளுக்கு வந்த கணக்கு சாஃப்ட்வேர். செஞ்சது ஃபுஜிட்சு. கணக்குல பணம் குறையுதுன்னு அது சொன்னதை நம்பி, கிளை நடத்தினவங்க 900க்கும் மேற்பட்டவங்களைத் திருட்டு, பொய்க்கணக்குன்னு தண்டிச்சாங்க. பலர் ஜெயிலுக்குப் போனாங்க, சொத்தை வித்தாங்க. சாஃப்ட்வேர்ல பக், அதாவது பிழை, இருந்துச்சுன்னு லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பர்ல. தண்டனைகளை மொத்தமா ரத்து பண்ண 2024ல தனிச் சட்டமே போட வேண்டியிருந்துச்சு.

அதுல ஒரு பக் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. டால்மெல்லிங்டன்னு ஒரு கிளை. 8,000 பவுண்ட் வரவு வைக்கிறாங்க. என்டர் தட்டினா திரை அப்படியே நிக்குது. மறுபடி தட்டுறாங்க, மறுபடியும். தட்டின ஒவ்வொரு தடவையும் உள்ளே இன்னொரு 8,000 ஏறுது. கடைசியில 24,000 பவுண்ட் துண்டு விழுது. காலேஜ் ப்ராஜெக்ட்லயே "பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா என்ன ஆகும்"னு கேட்பாங்கய்யா! இது 2015ல, நாடு முழுக்க ஓடின சாஃப்ட்வேர்ல.

நான் சொல்றது இதான்: உயிரோ, ஊரான் பணமோ, ஒருத்தரோட சுதந்திரமோ சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேர்னா, லைசென்ஸ் வச்சிருக்கிற ஒரு ஆள் பேர் போட்டுக் கையெழுத்து வைக்கணும். கையெழுத்து இல்லாம ரிலீஸ் இல்ல. தப்புன்னா லைசென்ஸ் போகணும். போட்டோவுக்கு ஃபில்டர் போடுற ஆப்புக்கு நான் இதைக் கேட்கல.

அரைப்புள்ளி:
கேட்க நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா அந்தக் கையெழுத்தை யார் தலையில கட்டுவாங்கன்னு யோசிச்சீங்களா? டீம்ல போன மாசம் சேர்ந்த பொண்ணுக்கு "நீதான் இனிமே சைனிங் லீட், வாழ்த்துகள்"னு மெயில் வரும். சம்பளம் அதேதான்.

நைட் கேபிடல்னு ஒரு பங்குச்சந்தை நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1. புது கோடை எட்டு சர்வர்ல போடணும், ஏழுலதான் போட்டாங்க. எட்டாவதுல வருஷக்கணக்கா யாரும் தொடாத பழைய கோட் ஒண்ணு தூங்கிட்டிருந்துச்சு. அதை எழுப்புற பழைய ஃபிளாகையே (ஆன்-ஆஃப் சுவிட்ச் மாதிரி ஒரு குறி) புது வேலைக்கும் எடுத்துக்கிட்டாங்க. சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வர் கண்டபடி ஆர்டர் போட ஆரம்பிச்சுது. 45 நிமிஷத்துல 440 மில்லியன் டாலருக்கு மேல காலி.

இப்போ சொல்லுங்க, யார் லைசென்ஸைப் பிடுங்கலாம்? எட்டாவது சர்வரை மறந்தவரா? வருஷக்கணக்கா பழைய கோடை அழிக்காம விட்டவரா? ரெண்டாவது ஆள் சரிபார்க்கணும்னு எழுத்துல ஒரு விதிகூட வைக்காத நிர்வாகமா? நீங்க கேட்கிற திட்டப்படி முதல் ஆள்தான் மாட்டுவார். ஏன்னா யார் எப்போ என்ன செஞ்சாங்கன்னு பதிவாகுற லாக்ல அவர் பேர்தான் இருக்கும்.

வெளியாள்:
நான் ஐடி இல்லை, படிச்சிட்டு மட்டும் போகலாம்னு வந்தேன். ஒரே ஒரு கேள்வி. நீங்க ரெண்டு பேரும் யாரைப் பிடிக்கிறதுன்னு பேசுறீங்க. ஜெயிலுக்குப் போன அந்தத் தபால்காரங்க "மிஷின்தான் தப்பு"ன்னு சொல்லியிருப்பாங்களே, கோர்ட் ஏன் கேட்கல?

அரைப்புள்ளி:
சொன்னாங்க. அங்கே சட்டம் அப்படி. முன்னாடி ஒரு பிரிவு இருந்துச்சு: கம்ப்யூட்டர் கொடுத்த சாட்சியத்தைக் காட்டணும்னா அது ஒழுங்கா வேலை செஞ்சுதுன்னு முதல்ல நிரூபிக்கணும். 1999ல அதை எடுத்துட்டாங்க. அப்புறம், வேற மாதிரி காட்டுற வரைக்கும் மிஷின் சரியாத்தான் ஓடுதுன்னு கோர்ட் எடுத்துக்கும். ஹொரைஸன் உள்ளே வந்த அதே காலகட்டம். கிளை நடத்துறவர் கையில சோர்ஸ் கோடும் இல்ல, லாகும் இல்ல. எதை வச்சு நிரூபிப்பார்?

கட்டுக்கம்பி:
நான் சிவில். கட்டட டிசைன்ல கையெழுத்து போட்டுத்தான் சாப்பிடுறேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

கான்சாஸ் சிட்டி, 1981 ஜூலை. ஒரு ஹோட்டல் முகப்புக் கூடத்துல ரெண்டு நடைபாலம், ஒண்ணுக்கு நேர் கீழே இன்னொண்ணு. கூரையிலிருந்து வர்ற ஒரே நீளக் கம்பி ரெண்டையும் தாங்கணும்னு முதல் டிசைன். கம்பியைத் தயாரிக்கிறவங்களுக்கு அது கஷ்டமா இருந்ததால ரெண்டு துண்டாக்கிட்டாங்க: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒண்ணு, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொண்ணு. டிராயிங்ல பார்த்தா அற்ப மாற்றம். ஆனா கீழ்ப் பாலத்தோட எடையும் இப்போ மேல் பாலத்தோட உத்தரத்துல தொங்குது. அந்த இணைப்புல பளு ரெட்டிப்பு. பாலங்கள் விழுந்து 114 பேர் செத்தாங்க. மாற்றின டிராயிங்ல இன்ஜினியரோட முத்திரை இருந்துச்சு. "தயாரிப்பாளர் மாற்றினார், எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிப் பார்த்தாங்க, எடுபடல. அந்த ஊர் இருக்கிற மிசௌரி மாநிலத்துல அந்த இன்ஜினியர்களோட லைசென்ஸ் போச்சு.

இதை ஆன்கால் சாருக்கு ஆதரவா மட்டும் எடுத்துக்காதீங்க. முத்திரை இருந்தும் 114 பேர் செத்தாங்கங்கிறதும் இதுலயே இருக்கு.

ஆனா முத்திரையோட நிஜமான பலன் தண்டனை இல்ல. சைட்ல "நாளைக்கு கான்கிரீட் போட்டே ஆகணும்"னு ஓனர் குதிக்கும்போது, "போடுங்க, ஆனா என் கையெழுத்து இல்லாம போடுங்க"ன்னு என்னால சொல்ல முடியும். அவரால போட முடியாது. உங்க தொழில்ல டெட்லைனுக்கு முன்னாடி ஒரு டெவலப்பர் அப்படிச் சொல்ல என்ன வழி இருக்கு?

பின்னிரவு_ஆன்கால்:
கட்டுக்கம்பி சார், இதைத்தான் நான் சுத்திச் சுத்திச் சொல்ல வந்தேன். வழியே இல்ல. "அடுத்த ஸ்பிரின்ட்ல (அடுத்த ரவுண்டு வேலையில) பார்த்துக்கலாம்"னு ஒரு டிக்கெட், அதாவது வேலைக் குறிப்பு, போடுவாங்க, அந்த டிக்கெட்டுக்கு வயசாகி பென்ஷன் வாங்கும்.

அரைப்புள்ளி, ஜூனியர் தலையில கட்டுவாங்கன்னு பயந்தா அனுபவத்தைத் தகுதியாக்கலாமே. லைசென்ஸ்னா அதானே? போன மாசம் சேர்ந்தவங்களுக்குக் கிடைக்காது.

நூல்கண்டு:
பெரிய கம்பெனிக்காரங்க பேசி முடிச்சாச்சா?

நான் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒண்ணைப் பராமரிக்கிறேன், அதாவது யார் வேணா இலவசமா எடுத்துத் தங்க சாஃப்ட்வேர்ல சேர்த்துக்கிற ரெடிமேட் கோட். சம்பளம் கிடையாது. அதை யார் எடுத்து எங்கே வச்சிருக்காங்கன்னு எனக்கே தெரியாது, ஆஸ்பத்திரி மிஷின்ல இருந்தாலும் இருக்கும். அதோட வர்ற லைசென்ஸ் ஃபைல்ல (பயன்படுத்துறதுக்கான நிபந்தனை, நீங்க பேசுற லைசென்ஸ் இல்ல) பெரிய எழுத்துல போட்டிருக்கேன்: இருக்கிறபடி தர்றேன், எந்த உத்தரவாதமும் இல்ல. உங்க "சைனிங் இன்ஜினியர்" வந்தா முதல்ல என்கிட்டதான் கையெழுத்து கேட்பார். நான் கடையை மூடிட்டுப் போயிடுவேன்.

2014ல ஹார்ட்பிளீட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தப்போ, அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை உலகமே திட்டிச்சு. அப்போ அந்த ப்ராஜெக்டுக்கு வந்த நன்கொடை வருஷத்துக்கு ஏறத்தாழ 2,000 டாலர். இணையத்துல பாதி அதை நம்பித்தான் பூட்டுப் போட்டிருந்துச்சு. இதுல யாரோட லைசென்ஸைப் பறிப்பீங்க?

பின்னிரவு_ஆன்கால்:
உங்களைக் கேட்கவே மாட்டாங்க நூல்கண்டு. உங்க லைப்ரரியை எடுத்து மிஷினுக்குள்ள வைக்கிறவர் கையெழுத்து போடணும். கம்பி தயாரிச்சவர் பேர்ல இல்ல, டிசைன் பண்ணினவர் பேர்லதானே முத்திரை? ஐரோப்பிய ஒன்றியம் 2024ல போட்ட பொருள் பொறுப்புச் சட்டத்துலயும் சாஃப்ட்வேரைப் பொருளாச் சேர்த்தாங்க, வியாபார நோக்கம் இல்லாம எழுதுற ஓப்பன் சோர்ஸை வெளியே விட்டாங்க. எல்லைக்கோடு போட முடியும்.

நூல்கண்டு:
சட்டத்துல எல்லைக்கோடு போடலாம். நடைமுறையில, அந்த ஆள் தன் லைசென்ஸைக் காப்பாத்திக்க எனக்கு 200 கேள்வி உள்ள எக்செல் ஷீட் அனுப்புவார். இப்பவே வருது. கூடவே "வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை"ன்னு ஒரு வரி. ஓசியில எடுத்துட்டு எனக்கே டெட்லைன் வைக்கிறாங்க.

அரைப்புள்ளி:
இன்னொண்ணு. இதெல்லாம் ஏற்கெனவே முயற்சி பண்ணிப் பார்த்ததுதான். டெக்சாஸ் மாநிலம் 1998லயே சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்குக்கு லைசென்ஸ் கொண்டுவந்துச்சு. அமெரிக்காவுல அதுக்கான தேர்வு 2013ல தொடங்கி 2019ல மூடிட்டாங்க. எழுத ஆள் வரல. அவ்வளவுதான் நம்மாளுங்க ஆர்வம்.

பின்னிரவு_ஆன்கால்:
ஏன் வரல? அந்தக் கையெழுத்து இல்லாமலே எதை வேணா ரிலீஸ் பண்ணலாம், அதான் வரல. கதவையே வைக்காம சாவியை வித்தா யார் வாங்குவா?

தெராக்-25 பத்தி எல்லாரும் பேசுவாங்க. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற மிஷின். 1985 ஜூன்ல இருந்து 1987 ஜனவரி வரைக்கும் ஆறு பேருக்கு அளவுக்கு மீறின கதிர்வீச்சு, சிலர் செத்தே போனாங்க. 1986 மார்ச்ல டெக்சாஸ்ல நடந்ததை மட்டும் சொல்றேன். எந்த வகைக் கதிர்னு கேட்கிற இடத்துல ஆபரேட்டர் எக்ஸ்-ரேன்னு தப்பா அடிச்சுட்டார். உடனே கர்சரை மேலே கொண்டுபோய் எலக்ட்ரான்னு திருத்தினார். பழகின கை, சடசடன்னு முடிச்சுட்டார். உள்ளே காந்தங்கள் சரியா நிக்க எட்டு வினாடி ஆகும். அந்த எட்டு வினாடிக்குள்ள செஞ்ச திருத்தத்தை சாஃப்ட்வேர் கவனிக்கவே இல்ல. திரையில "மால்ஃபங்ஷன் 54"ன்னு மட்டும் வந்துச்சு. கேட்டது 202 யூனிட், கொடுத்தது 6தான்னும் காட்டிச்சு. குறைச்சலாத்தானே போயிருக்குன்னு அவங்க தொடர்வதற்கான பட்டனை அமுக்கினாங்க. நோயாளிக்கு ரெண்டாவது அடி.

அந்த மிஷினோட கோடை எழுதினது ஒரே ஒருத்தர். யாருன்னு இன்னைக்கு வரைக்கும் வெளியே வரல. இதுதான் என் பாயின்ட்.

அரைப்புள்ளி:
அண்ணே, அதே மிஷினை வச்சே உங்களுக்குப் பதில் சொல்றேன். முந்தின மாடல் தெராக்-20லயும் அதே பக் இருந்துச்சு. ஒருத்தரும் சாகல. ஏன்னா அதுல சாஃப்ட்வேரை நம்பாம தனியா ஹார்ட்வேர் தடுப்பு இருந்துச்சு, ஃபியூஸ் போகும், மிஷின் நிக்கும். 25ல அதை எடுத்துட்டு எல்லாத்தையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கும்னு விட்டாங்க. அந்த முடிவு எழுதினவரோட முடிவு மட்டும்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்.

சரி, அவர் பேர் தெரிஞ்சிருந்தா என்ன மாறியிருக்கும்? முதல் விபத்துக்கு அப்புறமும் "இந்த மிஷின் அதிகமா கொடுக்க வாய்ப்பே இல்ல"ன்னு கம்பெனி சொல்லிட்டிருந்துச்சு. ஒரு ஆஸ்பத்திரியில நடந்தது இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தெரியல. கடைசியில அதே டெக்சாஸ் ஆஸ்பத்திரியோட இயற்பியலாளரும் அந்த ஆபரேட்டரும் உட்கார்ந்து, எவ்வளவு வேகமா திருத்தினா பிழை வருதுன்னு மறுபடி மறுபடி அடிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க.

ஹொரைஸன்லயும் அதே கதை. தெரிஞ்ச பிழைகளோட பட்டியல் ஒண்ணு ஃபுஜிட்சு கையில இருந்துச்சு. உள்ளே இருந்தவங்களுக்குத் தெரியும், கூண்டுல நின்னவங்களுக்குத் தெரியாது. வழக்குல அதை வெளியே எடுக்கவே போராட வேண்டியிருந்துச்சு. எனக்கு ஒருத்தரோட கையெழுத்து வேண்டாம். அந்தப் பட்டியல் வேணும். மத்தவங்க உயிர்லயும் பணத்துலயும் கை வைக்கிற எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும், தெரிஞ்ச பிழைகளை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கணும்னு சட்டம் போடுங்க. விமான விபத்து அறிக்கையெல்லாம் அப்படித்தானே வெளியே வருது.

வெளியாள்:
என் ஓட்டு இதுக்கு. கையெழுத்து போட்டவர் லைசென்ஸ் போறதால ஜெயில்ல இருக்கிறவருக்கு ஒண்ணும் ஆகாது. பட்டியல் கையில இருந்தா வக்கீலாவது எதையாவது காட்டுவார்.

கட்டுக்கம்பி:
பட்டியல் போடச் சொன்னா, பட்டியலுக்கே போகாத மாதிரி பிழையைப் பதிவு பண்ணாம விடுவாங்களே. எங்க தொழில்ல பார்த்திருக்கேன். விரிசலை "மேற்பரப்புக் குறி"ன்னு எழுதினா ரிப்போர்ட்ல இடம் வேண்டியதில்ல.

பின்னிரவு_ஆன்கால்:
அதே. அரைப்புள்ளி, நீங்க கேட்கிற பட்டியல் முழுசா இருக்குன்னு யார் கையெழுத்து போடுவாங்க?

அரைப்புள்ளி:
கம்பெனி டைரக்டர். டெவலப்பர் இல்ல.

பின்னிரவு_ஆன்கால்:
டைரக்டருக்குப் பிழை இருக்குன்னு சொல்றது யாரு?

அரைப்புள்ளி:
டெவலப்பர்தான். மெயில்ல சொல்லட்டும், தேதியோட. அதுக்கு மேல மறைச்சா உள்ளே போறது டைரக்டர். வோக்ஸ்வேகன் கார் கம்பெனி சாஃப்ட்வேர் வச்சுப் புகைச் சோதனையை ஏமாத்தின மோசடியில ஒரு இன்ஜினியருக்கு 2017ல அமெரிக்காவுல 40 மாசம் ஜெயில் கொடுத்தாங்க. மோசடி நடந்தப்போ தலைமைச் செயல் அதிகாரியா இருந்தவர் ஜெர்மனியில கோர்ட் படி ஏறவே 2024 ஆச்சு. நீங்க கேட்கிற கையெழுத்து இதைச் சரி பண்ணுமா, இன்னும் மோசமாக்குமா?

நூல்கண்டு:
அந்த மெயிலை எல்லாரும் ஒரு காப்பி தனியா எடுத்து வச்சுக்குங்க. ஆபீஸ் மெயில்ல மட்டும் வச்சா, வேலை போற அன்னைக்கு லாகினும் போயிடும்.

பின்னிரவு_ஆன்கால்:
ஆபீஸ் மெயிலை வெளியே எடுத்தா அதுக்கே வேலை போகும் நூல்கண்டு. மறுக்கிற உரிமை சட்டத்துல இருந்தா இந்த ஒளிச்சு வைக்கிற வேலையே வேண்டாம்னுதான் காலையிலிருந்து கத்திட்டிருக்கேன். டைரக்டர் விஷயத்துல அரைப்புள்ளியோட எனக்குச் சண்டை இல்ல, ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கட்டும். மீதிக்கு நாளைக்கு வர்றேன், பேஜர் அடிக்குது.