1 டிபி டிஸ்க்கில் இருந்து 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு: குளோனா, கோப்பு நகலா, புது நிறுவலா?

மாடிரூம்_சர்வர்:
ஆபீஸில் கழித்துக்கட்டிய ஐ5 டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் 12 போட்டு வீட்டு சர்வராக ஓட்டுகிறேன். சிஸ்டம் 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. படம், பாட்டு, குடும்ப போட்டோ எல்லாம் தனியாக இரண்டு 4 டிபி டிஸ்க் மிரரில் (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்), பாதி காலிதான், அதைத் தொடப்போவதில்லை. சிஸ்டம் டிஸ்க்கில் நிறைந்திருப்பது மொத்தமே 61 ஜிபி என்பதால் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். நிரல்களைத் தனித்தனிக் கண்டெய்னராக ஓட்டும் டாக்கரில் நெக்ஸ்ட்கிளவுட், ஜெல்லிஃபின், பை-ஹோல் ஓடுகின்றன. டிஸ்க்கைக் குளோன் செய்யும் க்ளோன்ஸில்லா போட்டுப் பார்த்தேன், புது டிஸ்க் சின்னது என்று நின்றுவிட்டது. எந்த வழியில் போவது?

ராத்திரி_ஷிப்ட்:
முதலில் சுருக்குங்கள், அப்புறம் நகலெடுங்கள். லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டடில் ரூட் பார்ட்டிஷனை 150 ஜிபி ஆக்குங்கள். இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கும்போது சுருங்காது, அதனால்தான் லைவ் யூஎஸ்பி. ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் பார்ட்டிஷன்) கடைசியில் இருந்தால் முன்னுக்கு நகர்த்திவிட்டு, அந்த அளவு வரைக்கும் மட்டும் டிடி (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் கட்டளை) போடுங்கள். பார்ட்டிஷன் பட்டியலான ஜிபிடி டேபிளின் இன்னொரு பிரதி பழைய டிஸ்க்கின் கடைசியில் இருப்பதால் அது மட்டும் வராது, எஸ்ஜிடிஸ்க் வைத்துப் புது டிஸ்க்கின் கடைசியில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பார்ட்டிஷன்களின் அடையாள எண்ணான யூயூஐடி ஒன்றும் மாறாது, மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேப்பையோ பூட் செய்யும் க்ரப்பையோ தொடவே வேண்டாம். நான் மூன்று மெஷினில் இப்படித்தான் செய்திருக்கிறேன்.

பழைய_மதர்போர்டு:
தம்பி, சுருக்குவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவது) 197 என்று எண்ணிட்ட வரி, பெண்டிங் செக்டார் (படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்), என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள். சுருக்குவது என்றால் பின்னால் கிடக்கும் பிளாக்குகளை எடுத்து முன்னால் எழுதுவது. உங்களிடம் இருக்கும் ஒரே பிரதியின் மேலேயே எழுதுகிறீர்கள். பாதி வழியில் ஒரு செக்டார் படிக்க முடியாமல் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

61 ஜிபிக்குக் கோப்பு கோப்பாக நகலெடுக்கும் ஆர்சிங்க் போதும். எஸ்எஸ்டியில் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டு, டாக்கரையும் டேட்டாபேஸையும் நிறுத்திவிட்டு, கோப்புகளை மட்டும் எடுத்து வையுங்கள். அந்தக் கட்டளையில் சின்ன ஏ ஆப்ஷன் மட்டும் போட்டால் போதாது. ஹார்டு லிங்க்குக்குப் பெரிய எச், ஏசிஎல் என்ற கூடுதல் அனுமதிகளுக்குப் பெரிய ஏ, எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டுக்குப் பெரிய எக்ஸ், மூன்றும் வேண்டும். மிரரும் ப்ராக், சிஸ் போன்ற கெர்னலின் மெய்நிகர் அடைவுகளும் கூடவே வந்துவிடாமல் இருக்கச் சின்ன எக்ஸ். பழைய டிஸ்க்கை ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்யுங்கள், அதில் உள்ள கோப்புகள் எதுவும் மாறாது.

வெற்றுத்திரை:
இரண்டு பேர் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. சர்வர் எத்தனை வருடமாக ஓடுகிறது என்று அவரை யாரும் கேட்கவே இல்லை. டாக்கரில்தான் எல்லாம் ஓடுகிறது என்றால் உண்மையில் உங்களுடையது என்று இருப்பது எவ்வளவு? கண்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்புகள், அவற்றின் தரவு இருக்கும் வால்யூம்கள், மரியாடிபி டேட்டாபேஸின் டம்ப் (ஏற்றுமதி நகல்), அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் நீங்கள் கை வைத்த ஐந்தாறு கோப்புகள். எஸ்எஸ்டியில் டெபியனைப் புதிதாகப் போட 20 நிமிடம் ஆகும். மீதியை ஒரு மாலையில் கொண்டுவந்து விடலாம்.

மாடிரூம்_சர்வர்:
ஆறு வருடம். டெபியன் 10இல் ஆரம்பித்தது, அப்படியே அப்கிரேட் செய்துகொண்டு வந்தேன். எதை எங்கே மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை, அதனால்தான் புது நிறுவலுக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணா, ஸ்மார்ட் பார்த்தேன். 197ஆவது வரியில் 16. போன வாரத்தில் இருந்து ராத்திரி அமைதியாக இருக்கும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம், அது மாடிக் குழாயில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய_மதர்போர்டு:
உடனே ஷட்டவுன் செய்யுங்கள். ஜிபார்ட்டட் வேண்டவே வேண்டாம்.

ராத்திரி_ஷிப்ட்:
சரி, 16 பெண்டிங் இருக்கும்போது அதே டிஸ்க்கில் சுருக்கக் கூடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக ஆர்சிங்க்கும் சரியாகிவிடாது. சின்னச் சின்னக் கோப்புகளாகப் படிக்கும்போது ஹெட் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருக்கும், சாகப்போகிற டிஸ்க்குக்கு அதைவிடக் கஷ்டம் வேறு இல்லை. பழுதான டிஸ்க்கை இமேஜாக, அதாவது ஒரே கோப்பாக, நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ போடுங்கள். முதல் சுற்றில் நல்ல இடங்களை வரிசையாகப் படித்துவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் திரும்பிப் பார்க்கும், எங்கே நிறுத்தினாலும் மேப் கோப்பை வைத்து அங்கிருந்தே தொடரும். மிரரில் இடம் இருக்கிறதே, இமேஜை அங்கே எடுங்கள். அப்புறம் அந்த இமேஜை லூப் டிவைஸாக (டிஸ்க் போலவே) இணைத்து, அதை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்குங்கள், பழைய டிஸ்க்குக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

பழைய_மதர்போர்டு:
டிஸ்க் படுத்துக்கொண்டு, எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாத நிலை என்றால் நானும் டிடிரெஸ்க்யூதான் சொல்வேன். இங்கே 61 ஜிபிக்காக டிஸ்க் முழுவதையும், 931 ஜிபியையும், படிக்கச் சொல்கிறீர்கள். நல்ல டிஸ்க்குக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இதற்கு எவ்வளவு ஆகுமோ. அதில் பெரும்பகுதி காலி இடம். இன்னொன்று, இமேஜில் ஓட்டை விழுந்தால் எந்தக் கோப்பில் விழுந்தது என்று அது சொல்லாது, செக்டார் எண்ணை வைத்து டீபக்எஃப்எஸ் என்ற கருவியில் தேட வேண்டும். ஆர்சிங்க் கோப்பின் பெயரையே சொல்லிவிடும். எது போனது என்று தெரிந்தால்தானே திரும்பக் கொண்டுவர முடியும்?

முதலில் ஈடிசி, வால்யூம்கள், டம்ப் மூன்றையும் எடுத்துவிட்டு அப்புறம் மீதியை எடுங்கள் தம்பி. ஹெட் ஓடுகிறது என்ற கவலைக்கும் அதுதான் பதில், முக்கியமானது முதல் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

வெற்றுத்திரை:
நீங்கள் முதலில் எடுக்கச் சொன்ன மூன்றும்தான் நான் சொன்ன பட்டியல். அவை கைக்கு வந்த பிறகு, ஆறு வருடப் பழசை எதற்காக இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பழைய_மதர்போர்டு:
நினைவில்லை என்று அவரே சொல்கிறாரே. நினைவில்லாததைப் பட்டியல் போட முடியாது. இன்றைக்கு உயிரோடு கொண்டுவரட்டும், சுத்தம் செய்வதை ஆறவமர ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. முதல் பூட்டைப் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நான் ஒருமுறை இரண்டையும் மாட்டியே விட்டுவிட்டேன். நன்றாகத்தான் பூட் ஆனது. இரண்டு மாதம் கழித்துப் பழையதைக் கழற்றினேன், பயாஸ் திரையோடு நின்றது. எஃப்எஸ்டேப்பும் க்ரப்பும் பழைய யூயூஐடியையே பிடித்துக்கொண்டிருக்க, இரண்டு மாதமும் பழைய டிஸ்க்கில்தான் ஓட்டியிருக்கிறேன், இரண்டு மாதத் தரவும் அதில்தான் இருந்தது.

மாடிரூம்_சர்வர்:
முடித்துவிட்டேன், ஆர்சிங்க் வழிதான். பிழை எண் 23 காட்டி முடிந்தது, இரண்டு கோப்புகள் படிக்க முடியவில்லை என்று பெயரோடு சொன்னது. ஒன்று ஒரு பேக்கேஜின் மொழிக் கோப்பு, பேக்கேஜ் கோப்புகளைச் சரிபார்க்கும் டெப்சம்ஸ் ஓட்டி உறுதிசெய்துவிட்டு அந்தப் பேக்கேஜை மறுபடி நிறுவினேன். இன்னொன்று டாக்கர் இமேஜ்களை வைத்திருக்கும் ஓவர்லே2 அடைவுக்குள் ஜெல்லிஃபின் இமேஜைச் சேர்ந்தது, இமேஜை நீக்கிவிட்டுத் திரும்ப இறக்கினேன். போட்டோ ஒன்றும் போகவில்லை.

சிரூட்டில் போய் (எஸ்எஸ்டியில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து) க்ரப் நிறுவினேன், எஃப்எஸ்டேப்பில் ரூட், பூட்டுக்கான ஈஎஃப்ஐ இரண்டின் யூயூஐடியையும் மாற்றினேன். பழைய டிஸ்க் கையில் இருக்க, பூட் ஆனது. ஆனால் ஆரம்பத்தில் கறுப்புத் திரையில் அரை நிமிடம் நின்று, அப்புறம்தான் நகர்கிறது. எஸ்எஸ்டியில் இப்படி இருக்குமா?

ராத்திரி_ஷிப்ட்:
ஸ்வாப் யூயூஐடி. ஹைபர்னேட்டில் இருந்து எழுவதற்காகப் பழைய ஸ்வாப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறது. ஈடிசியில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அடைவுக்குள் கான்ஃப்.டி, அதில் ரெஸ்யூம் என்று ஒரு கோப்பு இருக்கும், அங்கே புது எண்ணைப் போட்டு, பூட்டின் ஆரம்பத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். எஃப்எஸ்டேப்பில் ஸ்வாப் வரியையும் பாருங்கள். குளோன் செய்திருந்தால் இது வந்திருக்காது, அதனால்தான் முதலிலேயே சொன்னேன்.

மாடிரூம்_சர்வர்:
அதேதான் அண்ணா, இரண்டு இடத்திலும் பழைய எண் இருந்தது. மாற்றினேன், அந்த நிற்றல் போய்விட்டது. இன்னொரு சந்தேகம், டாக்கர் லாக் எழுதி எழுதியே எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான்.

வெற்றுத்திரை:
உங்கள் எஸ்எஸ்டியின் விவரத்தாளில் மொத்தம் எவ்வளவு டிபி எழுதலாம் என்று போட்டிருக்கும், 240 ஜிபியில் 80 டிபி என்று நிறைய வகைகள் உண்டு. ஒரு நாளைக்கு 10 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு நாலு டிபி கூட ஆகாது. தேய்மானம் அல்ல, நிரம்புவதுதான் உங்கள் பிரச்சினை. டாக்கரின் ஜேசன் லாக்குக்கு இயல்பாக வரம்பு கிடையாது, 1 டிபியில் கண்ணில் படாமல் வளர்ந்தது 240இல் ரூட்டை அடைத்துவிடும். ஒரு கண்டெய்னருக்கு 10 எம்பி, மூன்று கோப்பு என்று டாக்கரின் டீமன் அமைப்புக் கோப்பில் வரம்பு வையுங்கள். பழைய கண்டெய்னர்களுக்கு அது தானாகப் பொருந்தாது, மறுபடி உருவாக்க வேண்டும். காலியான இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் டைமர் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

அந்த டம்ப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா?

மாடிரூம்_சர்வர்:
இன்னும் இல்லை. பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை அதில் டெபியனைப் புதிதாகப் போட்டு நீங்கள் சொன்ன வழியில் மொத்தத்தையும் எழுப்பிப் பார்க்கப்போகிறேன். எது விட்டுப்போகிறதோ அதை எழுதி வைத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் பழைய டிஸ்க்கைத் துடைக்கவில்லை, தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன்.