படக்கதை படிக்கும்போது பிள்ளைகள் செய்வது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திண்டுக்கல் பக்கம், ஊர்ப்புற நூலக வாசகி:

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் ஞாயிறு காலையில் பாய் விரித்து, 3 வயதிலிருந்து 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் படக்கதை படித்துக் காட்டி வருகிறேன். அதில் பார்த்தவற்றைக் கொஞ்சம் எழுதுகிறேன், உங்கள் பக்கம் எப்படி என்று நீங்களும் எழுதுங்கள்.

ஆட்டுக்குட்டி ஒன்று குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருகிற கதை. குட்டி ஒரு மரக்கட்டை மேல் ஏறி நின்றது என்றுதான் எழுத்தில் இருக்கும், முதலை என்ற வார்த்தையே கடைசி வரை வராது. படத்தைப் பார்த்தால் அந்தக் கட்டைக்கு ரெண்டு கண் இருக்கும். அதுவரை யாரோடும் பேசாமல் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்த 4 வயதுப் பாப்பா ஒருத்தி, பாயில் தவழ்ந்து வந்து, தன் உள்ளங்கையை வைத்து முதலையின் கண்ணைப் பொத்திவிட்டாள். பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள், சரி, இப்போது படிங்க என்கிற மாதிரி. நான் படித்தேன். குட்டி கரையில் குதிக்கிற பக்கம் வந்த பிறகுதான் கையை எடுத்தாள். அடுத்த வாரம் அந்தப் புத்தகத்தை வெளியே எடுத்ததுமே மொத்தக் கூட்டமும் "கண்ணைப் பொத்து, கண்ணைப் பொத்து" என்று கத்த ஆரம்பித்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், நல்ல படக்கதை இப்படித்தான் வேலை செய்கிறது. எழுத்து ஒன்றைச் சொல்லும், படம் வேறு ஒன்றைக் காட்டும், நடுவில் இருப்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கும். ஆட்டுக்குட்டிக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்கிற நினைப்பு வந்ததும் அந்தப் பாப்பாவுக்குக் கதைக்குள் ஒரு வேலை வந்துவிட்டது. நான் முந்திக்கொண்டு "இது என்ன சொல்லு பார்ப்போம், முதலை, முதலைக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று ஆரம்பித்திருந்தால் அந்தக் கை நீண்டிருக்காது. கூட வருகிற பெரியவர்களில் நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் புரட்டுவதற்குள் இது என்ன கலர், எத்தனை மீன், எண்ணு என்று கேட்டு, கடைசியில் "கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று முடிப்பார்கள். பிள்ளையின் முகம் அப்படியே சுருங்கிப்போவதை நான் கிட்டத்தில் இருந்து பார்க்கிறேன். முதல் தடவை படிக்கும்போது எதுவுமே கேட்காதீர்கள் என்று எல்லா அம்மாக்களிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வியே கூடாது என்று சொல்லவில்லை. 1988-இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2 வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோரை வைத்து ஒரு மாதம் பார்த்த ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. ஆமாம், இல்லை என்று முடியாத கேள்வியாகக் கேட்பது, பிள்ளை சொல்வதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது, இவ்வளவுதான் அவர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களைவிட முன்னால் போனார்கள். "நாய்" என்று பிள்ளை சொன்னால் "ஆமா, நனைஞ்ச நாய், எங்கிருந்து வருது பாரு" என்று நாம் சொல்வது. நம் வீட்டுப் பாட்டிமார் யாரும் சொல்லித்தராமலே செய்ததுதான்.

ஒரு நாள் பீரோ சாவி வரவில்லை, புத்தகம் எடுக்க முடியவில்லை. அன்றைக்கு வாயாலேயே கொழுக்கட்டைக் கதை சொன்னேன். மாமியார் வீட்டில் சாப்பிட்ட பலகாரத்தின் பேரை மறக்காமல் இருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதித்து, அதற்கப்புறம் வீடு வரைக்கும் "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா" என்றே போய்ச் சேருகிற கதை. தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். வாய்க்கதைக்கு ம் கொட்ட ஆள் வேண்டும், அதற்கு ஒரு பையனை முன்னால் உட்காரவைத்தேன், அவ்வளவு பொறுப்பாகக் கொட்டினான். புத்தகம் இருக்கும்போது இது நடப்பதில்லை. கண் படத்திலேயே இருப்பதால் வாய் அடங்கி, பதில் விரலில் வருகிறது. ரெண்டும் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். புத்தகம் வாங்க வசதி இல்லை என்று கதையை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், புத்தகம் வாங்கிக் கொடுத்தாயிற்று, இனி நாம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்தப் புத்தகம் என்று எப்படியும் கேட்பீர்கள். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் வெளியீடுகள் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கின்றன. துலிகா பதிப்பகத்தார் சில புத்தகங்களை ஒரே பக்கத்தில் தமிழ், ஆங்கிலம் என்று ரெண்டு மொழியிலும் போடுகிறார்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம், நான் அதைத்தான் அதிகம் செய்கிறேன். தெரிந்தவர் ஒருவர் சென்னை தாரா புக்ஸின் கோண்டு பழங்குடி ஓவியப் புத்தகம் ஒன்றை, 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்', கொண்டுவந்து கொடுத்தார். பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்தது. கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது என்பதால் மை லேசாக மேடிட்டு விரலில் படும். அதில் பிள்ளைகளுக்கு நான் ஒரு வரி கூடப் படிக்க முடியவில்லை, ஒவ்வொருவரும் கிளை கிளையாகத் தடவிக்கொண்டே போனார்கள், ஒருத்தன் முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் நீட்டினான். விலை அதிகம், நம்மால் வாங்க முடியாதுதான். ஆனால் எப்படியாவது ஒரு தடவையாவது அவர்கள் கையில் அப்படிப்பட்ட ஒன்று படட்டும்.

டொராண்டோவிலிருந்து ஒரு அம்மம்மா:

வாசித்துக் கண் கலங்கிப் போனேன். நான் யாழ்ப்பாணத்தாள், மகள் குடும்பத்தோடு இங்கே இருக்கிறேன். பேரன் பிறந்த கிழமையிலிருந்தே அவனுக்கு வாசித்திருக்கிறேன். அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று எங்கள் சனமே கேட்டது. பிறந்த குழந்தைக்கு முகத்திலிருந்து 20, 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெரியுமாம், கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்று இருந்தால் கண் அதில் நிற்கும். அதனால் மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தில் கறுப்பு வெள்ளைப் படம் பிடிப்பேன். பிறந்ததிலிருந்தே வாசிக்கச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவுரை கூறுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இலேயே தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குக் கதை விளங்காவிட்டாலும் என் குரல் விளங்கியது.

நான் சொல்ல வந்தது வேறு. 2020-இல் இங்கே பீச்சஸ் என்ற ஏரிக்கரைப் பக்கம் மரப்பலகை நடைபாதைக்கு அடியில் ஒரு நரிக் குடும்பம் குட்டி போட்டிருந்தது. ஊரடங்கு நேரம். சனம் பார்க்கப் போய் நெருக்கியதால் தடுப்புக் கட்டினார்கள், செய்தியில் எல்லாம் வந்தது. பேரனுக்கு அப்போது 4 வயது, மகளின் போனில் அந்தக் குட்டிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த நாட்களில்தான் அவனுக்குப் பாட்டி வடை சுட்ட கதைப் புத்தகத்தை வாசித்தேன். காகம் வாயைத் திறந்து வடை விழுகிற பக்கத்தில் எந்தப் பிள்ளையும் நரியைத் திட்டும், நான் அதற்காகக் குரலை ஏற்றி வைத்திருந்தேன். இவன் திட்டவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, படத்தின் மூலை முழுக்கத் தேடினான். "அம்மம்மா, குட்டி எங்க?" என்றான். நரி வடையைக் கொண்டுபோய்க் குட்டிகளுக்குக் குடுக்கும் என்று அவன் முடிவெடுத்துவிட்டான். அடுத்த வெற்றுத் தாளில் மூன்று குட்டியைப் பென்சிலால் கீறியும் வைத்தான். மகள் புத்தகத்தில் கீறாதே என்று சத்தம் போட்டாள், நான்தான் விடு பிள்ளை என்றேன். நான் அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பேன், நரிக்குக் குட்டி இருக்குமென்று யாரும் கேட்டதில்லை. இப்போது யாருக்குச் சொன்னாலும் குட்டியோடுதான் சொல்கிறேன்.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு அங்கன்வாடி டீச்சர்:

மேலே ரெண்டு பேரும் எழுதியது மடியிலோ பக்கத்திலோ வைத்துப் படிப்பது. எங்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், புத்தகம் கையகலம். பின்னால் இருப்பவர்களுக்குப் படமே தெரியாது, எழுந்து நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் அழுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுத்தை முதல் நாளே மனப்பாடம் பண்ணிவிட்டு வாருங்கள், புத்தகத்தை உங்கள் தோளுக்குப் பக்கத்தில், பக்கம் பிள்ளைகளைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள், ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டாம். படம் இருட்டாகத் தெரியும். ஜன்னல் எதிரில் இருந்து, பளபளப்புத் தாளும் என்றால் வெளிச்சம் அடித்துப் பாதிப் பிள்ளைகளுக்கு வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். அரைவட்டமாக உட்காரவைத்தால் கடைசியில் ஒருவரும் இல்லை.

ஆனாலும் போதவில்லை என்று நானே மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் பெரிதாகப் படம் வரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ரெண்டு பக்கமும் குச்சி கட்டிச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஒரு குச்சியை ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ளும், இன்னொன்றை நான் சுற்றச் சுற்றக் கதை நகரும். அதில் ஒரு ஆடு வரைந்திருந்தேன். கிடை போடுகிற வீட்டுப் பையன் ஒருவன், 5 வயது, கதையை நிறுத்திவிட்டான். "இது என்ன ஆடு டீச்சர்?" என்றான். ஆடுதான் என்றேன். "கன்னி ஆடா, கொடி ஆடா?" எங்கள் பக்கம் இந்த ரெண்டு வகை நாட்டு ஆடும் உண்டு. கன்னி ஆடு என்றேன். "அப்ப மூஞ்சியில ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போடணும், காதுலயும் வரும், கால்லயும் வரும்" என்று எழுந்து வந்து விரலால் காட்டினான். கோடு போட்டேன். காது சின்னதாக இருக்கிறது, இன்னும் தொங்க வேண்டும் என்றான். சிவப்புக் கோடு இருந்தால் அது செங்கன்னி என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தான். அன்றைக்கு மீதிக் கதை நடக்கவே இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூடத் தலையைக் குனிகிற பிள்ளை அவன். இப்போது ஆடு வருகிற எந்தக் கதையாக இருந்தாலும் முதலில் அவனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் விரிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல இடங்களில் நல்ல நல்ல புத்தகங்கள் வந்து இறங்கி, இருப்புக் கணக்குப் பார்க்க வருவார்கள், கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்திலேயே பீரோவுக்குள் கிடக்கின்றன. அந்தப் பயம் பொய் இல்லை, எனக்கும் உண்டு. ஆனால் 3 வயதுப் பிள்ளை எடுக்கிற புத்தகம் கிழியத்தான் செய்யும், முறுக்கு எண்ணெய் படத்தான் செய்யும். கிழிந்ததைக் கழிவாக எழுதிக்கொள்ள மேலே இருப்பவர்கள் தாராளமாக விட்டால், கீழே நாங்கள் பீரோவைத் திறந்து வைத்துவிடுவோம்.

கோவையிலிருந்து ஒரு அப்பா:

டீச்சர், அந்தக் காலண்டர் சுருளை வீட்டில் மகளுக்குச் செய்து பார்த்தேன். வாட்டர் கலர் அடித்ததும் தாள் நெளிந்து, சுருட்டும்போது ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் எதில் வரைகிறீர்கள்?

அங்கன்வாடி டீச்சர்:

வாட்டர் கலர் வேண்டாம் சார். மெழுகு கிரேயான் போதும், வெளிக்கோட்டுக்கு மட்டும் தடிமனான மார்க்கர். ஒட்டுகிற இடத்தில் தாளோடு தாளை மட்டும் ஒட்டாமல், பின்பக்கம் பழைய பருத்தித் துணிக் கீற்று வைத்து மைதாப் பசையில் ஒட்டி, ஒரு இரவு காயவிடுங்கள், எத்தனை தடவை சுருட்டினாலும் விடாது. முதல் தாளையும் கடைசித் தாளையும் வெறுமையாக விடுங்கள், குச்சியில் சுற்ற அவ்வளவு இடம் வேண்டும். முடிந்தால் நீங்களே வரையாமல் பாதியை மகளிடம் கொடுங்கள்.